ஏழுமலையின் தோளில் கிடந்த கை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

மறுவாழ்வு மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, அத்துறையின் பயிற்சிக் கூடத்தில் உதவியாளனாகப் பணியாற்றி அண்மையில் ஓய்வுபெற்ற நான் இதனை எழுதுகிறேன். தசைகளின் பெயர்களையும் மூட்டுகளின் இயக்கத்தையும் கற்பிக்கத் தக்கவர்கள் உங்களிடையே இருக்கிறார்கள். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் முறையை உங்கள் முதுகே விரைவில் உங்களுக்குச் சொல்லிவிடும். நான் எழுத விரும்புவது வேறொன்று. நம்மிடம் வருகிறவர்களில் பலர் சாவின் வாசல்வரை சென்று திரும்பியவர்கள். திரும்பும்போது சிலர் தனியாகத் திரும்புவதில்லை. அத்தகைய ஒருவரைப் பற்றியது இது.

அவர் பெயர் ஏழுமலை. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிக் கடை வைத்திருந்தவர். மற்ற நாட்களில் சோப்பு, பிஸ்கட், பீடிக்கட்டு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இளநீரும் சுக்குக் காப்பியும். ஐம்பது வயதிருக்கும். மூளையின் வலப்பாதியில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் இடக்கையும் இடக்காலும் செயலிழந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்றான பிறகு எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். சன்னல் தம் இடப்புறம் இருக்கும்படியான கட்டில் அவருக்குக் கிடைத்தது. அந்தச் சன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு மலை நிற்கும்.

முதல் நாள் காலை அவர் என்னை அழைத்தார்.

"சார், இது எந்த ஊரு ஆஸ்பத்திரி?"

"திருவண்ணாமலைதாங்க."

"சும்மா சொல்லாதீங்க சார். மலை எங்க?"

பக்கத்தில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த செவிலியர் சிரித்துவிட்டார். "இன்னாங்க, அம்மாம் பெரிய மலை நிக்குது, தெரியலியா?"

அவர் தேடினார். ஆனால் முகம் வலப்புறமே சென்றது. சுவரைப் பார்த்தார்; குளுக்கோஸ் கம்பியைப் பார்த்தார்; அதற்கும் அப்பால் வாசலைப் பார்த்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். பிறந்த நாளிலிருந்து அந்த மலையின் அடியிலேயே வாழ்ந்த மனிதர் அப்படிக் கேட்டபோது, செவிலியரின் சிரிப்பு பாதியில் நின்றது.

எங்கள் துறைத்தலைவரான மருத்துவர் அம்மையார், அவருக்குக் கண்ணில் குறையில்லை என்று எங்களுக்கு விளக்கினார். இடப்பக்கம் அவருக்கு இருட்டாகத் தெரிவதில்லை. இடப்பக்கம் என்ற ஒன்று உலகில் இருப்பதே அவர் மூளைக்கு மறந்துவிட்டது. தட்டின் வலப்பாதியில் உள்ள இட்லியை மட்டும் தின்றுவிட்டு, பசி தீரவில்லை என்று மனைவி சரோஜாவைக் கடிந்துகொள்வார். அந்த அம்மாள் தட்டை அரைச்சுற்றுத் திருப்பி வைப்பார்.

"இத முன்னாடியே வெக்கிறதுக்கு இன்னா?" என்பார் ஏழுமலை.

"பாருங்க சார், இவருக்கு மறு சோறு போடற செலவு கம்மி," என்பார் சரோஜா எங்களிடம். அந்நாட்களில் அவரால் இன்னும் வேடிக்கையாகப் பேச முடிந்தது.

கையைப் பற்றிய செய்தி அதன் பிறகுதான் வெளிவந்தது. கவிதா என்ற இளம் இயன்முறை மருத்துவர், உங்களைப் போலவே அப்போது புதிதாக வந்தவர், பரிசோதனையின்போது வழக்கப்படி ஏழுமலையின் இடக்கையைத் தூக்கி அவர் கண்ணெதிரே காட்டி, "இது யாரோட கைங்க?" என்று கேட்டார்.

ஏழுமலை தம் வலக்கையால் அதைத் தடவிப் பார்த்தார். "தம்பி கைம்மா."

"உங்க தம்பி எங்க இருக்காரு?"

"இங்கதான் படுத்துகினு கீறான். மெதுவா பேசு. இப்பதான் கண் அசந்தான்."

சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்த சரோஜா, உரித்த பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். தாழ்வாரத்தில் அவர் எங்களுக்குச் சொன்னது இது: தம்பி குமார் அதற்கு முந்தைய மழைக்காலத்தில் இறந்துவிட்டார். நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டாரைப் போட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பியவர் ஏழுமலையே. மோட்டார் கொட்டகையில் மின்சாரம் பிடித்துக்கொண்டது. சத்தம் கேட்டு ஏழுமலை ஓடியபோது, தொட்டால் இவரும் போய்விடுவார் என்று அக்கம்பக்கத்தார் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ போய் இணைப்பைத் துண்டிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கைய இவருகிட்ட நீட்டிகினு இருந்தாருங்க," என்றார் சரோஜா. "இவரு அழவே இல்ல. காரியத்தன்னிக்கும் அழல. மறுநாளே கடையத் தொறந்துட்டாரு."

கவிதா கடமையுணர்வு மிக்கவர். நோயாளி தவறான எண்ணத்தோடு இருப்பதைப் பொறுத்துக்கொள்ள அவரால் இயலவில்லை. மறுநாள் அவர் ஏழுமலையின் வலக்கையைப் பிடித்து, இடது விரல்களிலிருந்து மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று படிப்படியாகத் தடவச் செய்தார்.

"பாத்தீங்களா? உங்க தோள்லதான் முடியுது. அப்ப இது யாரு கை?"

ஏழுமலை பொறுமையாகச் சிரித்தார். "அவன் என் தோள்மேல கை போட்டுகினு தூங்குறாம்மா. சின்னப் புள்ளையிலேருந்தே அப்படித்தான்."

கவிதா விடவில்லை. மீண்டும் மீண்டும் கேட்டார். திடீரென ஏழுமலையின் முகம் மாறிற்று. செத்தவன் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "செத்தவன் எதுக்குடா வந்த? போடா!" என்று கத்தி, வலக்கையால் அந்த இடக்கையைப் பற்றிக் கட்டிலுக்கு வெளியே வீசினார். கை அவர் உடம்போடு சேர்ந்தது அல்லவா? வீசிய கையின் பின்னால் அவரும் சென்றார். தலை தரையில் மோதுமுன் நான் தாங்கிக்கொண்டேன்.

அன்று மருத்துவர் அம்மையார் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "கை யாருதுன்னு தீர்ப்பு சொல்லவா நாம வந்திருக்கோம்?" என்று மட்டும் கேட்டார். "யாருதா வேணா இருக்கட்டும். அது நசுங்கக் கூடாது, அடிபடக் கூடாது, சுட்டுக்கக் கூடாது. முதல்ல அதப் பாருங்க. மத்தது தானா வரும், இல்ல வராமலும் போகும்."

இதற்கடுத்து நடந்ததை எழுத எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. ஒரு நண்பகல். உணவுக்குப் பின் வார்டு அமைதியாக இருந்தது. ஏழுமலை உறங்கிக்கொண்டிருந்தார். உறக்கத்திலேயே நெடிய கொட்டாவி ஒன்று விட்டார். வாய் விரிய விரிய, அசைவற்றுக் கிடந்த அந்த இடக்கை போர்வையின் மேலிருந்து தானே எழுந்தது. மெதுவாக, யாரோ கீழிருந்து தாங்குவதைப் போல. கொட்டாவி முடியும்வரை அந்தரத்தில் நின்று, பின் தொப்பென்று விழுந்தது.

பக்கவாத நோயாளிகளில் சிலருக்கு இவ்வாறு நிகழ்வதுண்டு. நாமாக விரும்பிக் கையை உயர்த்தும் கட்டளை ஒரு வழியில் இறங்குகிறது. கொட்டாவியின் கட்டளை வேறொரு பழைய வழியில் இறங்குகிறது. முதல் வழி அடைபட்டாலும் இரண்டாவது திறந்திருக்கலாம். இந்த விளக்கத்தை நான் நம்புகிறேன், நீங்களும் நம்புங்கள். ஆயினும் உண்மையை எழுதுகிறேன். அந்தக் கை எழுந்து நின்றபோது விரல்கள் விரிந்து, எதையோ பற்றிக்கொள்ளக் கேட்பதுபோல இருந்தது. கட்டிலின் காலடியில் அமர்ந்திருந்த சரோஜாவும் அதைப் பார்த்தார்.

"அப்படித்தான் நீட்டிகினு இருந்தாரு," என்றார். அதன்பின் அவர் எங்களிடம் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

மலை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிற்று. முதலில் அதன் வலப்புறச் சரிவு மட்டும் தெரிவதாக ஏழுமலை சொன்னார், பிறகு பாதி, பிறகு உச்சி. கோலூன்றி நடக்கவும் கற்றார். தட்டைத் திருப்ப வேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று. கை மட்டும் குமாருடையதாகவே இருந்தது. அந்நிலையில் அவரை வீட்டுக்கு அனுப்பினோம். வீட்டில் எப்படி இருக்கிறார் என்று பார்த்துவரக் கவிதாவையும் என்னையும் அம்மையார் அனுப்பி வைத்தார்.

நாங்கள் போன அன்று முற்பகல் நல்ல வெயில். பாதையில் மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். கடையின் கதவு பாதி இறக்கியிருந்தது. பின்னால் இருந்த வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. ஆனால் உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை.

கூடத்தின் நடுவே ஏழுமலை பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தார். இடக்கையை ஒரு முக்காலியின் மேல், உள்ளங்கை மேல்நோக்கியிருக்கும்படி வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் ஒரு கட்டிச் சூடம். எதிரே தீப்பெட்டியுடன், கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஏழுமலையின் பெரியப்பா. சுற்றிலும் பங்காளிகள் நெருக்கமாக நின்றார்கள்.

பெரியப்பா எங்களை மரியாதையுடனேயே வரவேற்றார். "வாங்க சார். நல்ல நேரத்துல வந்தீங்க, நீங்களும் பாருங்க. இது இவன் கைன்னா சுடும், வெடுக்குனு இழுத்துக்குவான். அப்ப எத்தினி மாசமானாலும் நீங்க சொல்ற வைத்தியத்தப் பண்றோம். இழுக்கலன்னா, அது குமாருதான்."

"அப்படின்னா இன்னா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"செத்தவனுக்கு எண்ணெய் தேய்ச்சு நீட்டி மடக்கிகினு இருக்கலாமா சார்? கறுப்புத் துணியில இறுக்கிக் கட்டிட வேண்டியதுதான். அப்புறம் அவிழ்க்கக் கூடாது."

மருத்துவம் கற்ற உங்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. கட்டி வைத்த கை சில மாதங்களில் மடங்கி இறுகிப் போகும். பிறகு எந்த வைத்தியத்தாலும் விரிக்க இயலாது. அதற்கு முன்பாகவே நெருப்பு அதைத் தின்றுவிடும். ஏனெனில் அந்தக் கையில் உணர்ச்சியே இல்லை. அந்தச் சோதனை எந்த விடையைத் தரும் என்பது எங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

கவிதா பதறி, "ஐயோ, அந்தக் கையில உணர்ச்சி இல்லீங்க! சுட்டாலும் அவருக்குத் தெரியாது!" என்று கூவினார்.

பெரியப்பா அவரைக் கனிவோடு பார்த்தார். "அதத்தாம்மா நாங்களும் சொல்றோம்."

சொல்லிக்கொண்டே குச்சியைக் கிழித்தார். சூடம் பற்றிக்கொண்டது.

அந்தச் சில கணங்களை இன்றும் என்னால் மறக்க இயலவில்லை. ஏழுமலையின் கை ஓர் அகல்விளக்கைப் போல அசையாமல் எரிந்தது. அவரோ வலப்பக்கச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தபடி, "ஆச்சா?" என்று கேட்டார். முடிவெட்டிக்கொள்பவர் கேட்பதைப் போன்ற குரல். கறுகும் வாடை எழத் தொடங்கியது.

பாய்ந்து தட்டிவிடலாம் என்று முதலில் தோன்றியது. இடையே பங்காளிகள் நின்றார்கள். தட்டிவிட்ட சூடம் அவர் வேட்டியில் விழலாம். தப்பித்தாலும், நாங்கள் போனபின் மறுபடியும் ஏற்றுவார்கள். மருத்துவக் காரணத்தைச் சொல்லலாம். அதைத்தான் கவிதா சொல்லி, அது அவர்களுக்கே சாட்சியாகிவிட்டது. அங்கிருந்தவர்களில் அந்தக் கையைக் காப்பாற்றக்கூடியவர் ஒருவரே. அவர் அதைத் தம்முடையது என்று எண்ணவில்லை. அப்படி எண்ண வைப்பதற்கு நேரமும் இல்லை.

நான் உரத்த குரலில், "ஏழுமலை! தம்பி கை எரியுது!" என்றேன்.

அவர் திரும்பினார். நாங்கள் எவ்வளவோ பயிற்சி கொடுத்தும் தயங்கித் தயங்கித் திரும்பிய அந்தக் கழுத்து, ஒரே வீச்சில் இடப்புறம் திரும்பியது. நெருப்பைக் கண்டார். "டேய் குமாரு!" என்று அலறித் தம் வலக்கையை அந்தச் சுவாலையின் மேல் அப்படியே பொத்தினார். நெருப்பு அணைந்தது. வலக்கையில் உணர்ச்சி உண்டு அல்லவா? வலி முகமெல்லாம் பரவியது. ஆனால் அவர் வலக்கையை எடுக்கவில்லை. அந்தக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நோவுதாடா? நோவுதாடா?" என்று அதைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியவர் பெரியப்பாவே. கறுப்புத் துணியைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

திரும்பி வந்து நடந்ததை அம்மையாரிடம் சொன்னோம். "நீங்க சொன்னது சரியான்னு எனக்கும் தெரியல. ஆனா கை தப்பிச்சுது," என்றார். "இனிமே அவரு கேட்டா, தம்பிதான்னும் சொல்லாதீங்க, இல்லன்னும் சொல்லாதீங்க."

புண் ஆறியது. அதன்பின் அந்த வீட்டில் இரண்டு பேருக்கு வைத்தியம் நடந்தது என்றே சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லிக் கொடுத்த பயிற்சியை ஏழுமலை குமாருக்குச் செய்வித்தார். ஒவ்வொரு விரலாக நீட்டுவார், மடக்குவார், திட்டுவார். "சோம்பேறி! மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொன்னாலும் இப்படித்தான்டா மசமசன்னு நிப்ப!" கடையில் அமரும்போது கையை ஒரு தலையணையின் மேல் ஏந்தி வைத்திருப்பார். கை எப்படி இருக்கிறது என்று யாராவது விசாரித்தால், "அவனுக்கு இன்னா, ராஜா மாதிரி கீறான்," என்பார். கேட்டவர்கள் சில்லறையை வாங்காமலே நகர்ந்துவிடுவார்கள் என்று சரோஜா சொன்னார்.

நான் சென்ற நாட்களில் வாசலில் நின்று கேட்டால், உள்ளே இருவர் பேசிக்கொள்வது போலவே இருக்கும். ஒருவர் பேசுவார், பிறகு மற்றவர் பேசத் தேவையான அளவுக்கு மௌனம் இருக்கும், பிறகு முதலாமவர் அதற்குச் சிரிப்பார். அந்த மௌனத்தின்போது உள்ளே நுழைய எனக்குக் கால் எழுந்ததில்லை. பேச்சு மறுபடி தொடங்கிய பின்பே செல்வேன்.

கை தேறியது. முதலில் தோள் அசைந்தது, பின் முழங்கை. ஏழுமலை அதைத் தம்பியின் முன்னேற்றமாகவே கருதி எங்களிடம் பெருமையாகக் காட்டினார்.

ஒரு நாள் காலை, கொல்லைப்புறக் குழாயடியில் அவர் அந்தக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். கவிதாவும் நானும் அருகில் நின்றோம். தண்ணீர் விரல்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

"ஜில்லுன்னு கீது," என்றார்.

வலக்கை குழாயின் பிடியில் இருந்தது. தண்ணீர் பட்டது இடக்கையில். அவர் அந்தக் கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தார், மீண்டும் நீட்டினார், சுட்டுவிரலை மடக்கினார், நீட்டினார். அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என் கைதாம்மா இது," என்றார் கவிதாவிடம்.

கவிதா கைதட்டிக் குதித்தார். சரோஜா, "பெரியப்பாவுக்குப் போன் போடறேன்!" என்று உள்ளே ஓடினார். நானும் மகிழ்ந்தேன், மறைக்க மாட்டேன். ஒரு மனிதருக்கு அவர் உடம்பின் ஒரு பகுதி திரும்பக் கிடைப்பதைக் காணவே நாம் இந்தத் தொழிலில் இருக்கிறோம்.

ஏழுமலை மட்டும் மகிழவில்லை. தம் இடத்தோளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அந்தத் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். கொல்லையைப் பார்த்தார். கொடியில் துணிகள் உலர்ந்துகொண்டிருந்தன. வேறொன்றும் இல்லை.

"சார்," என்றார் என்னிடம். "அப்ப குமாரு எங்க?"

கவிதா கைதட்டுவதை நிறுத்தினார்.

"இவ்ளோ நாளா கூடவே இருந்தானே சார். போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே."

அப்படியே குழாயடி ஈரத்தில் உட்கார்ந்து, அவர் அழத் தொடங்கினார். கொட்டகையில் அழாத, காரியத்தன்றும் அழாத அழுகை அது. சரோஜா கைப்பேசியைக் காதில் வைத்தபடியே வாசற்படியில் நின்றுவிட்டார். அதிலிருந்து பெரியப்பாவின் குரல், "இன்னாம்மா? யாரு போயிட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கவிதா என் பக்கம் சாய்ந்து, "சார், நாம கெளம்பிடலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லம்மா," என்றேன். "இவங்க வீட்ல சாவு நடந்திருக்கு. கொஞ்ச நேரம் உக்காருவோம்."

அன்று வேறு வீடுகளுக்கு நாங்கள் போகவில்லை. துக்க வீட்டில் அமர்வதுபோல, பேசாமல், அந்தக் கொல்லையிலேயே அமர்ந்திருந்தோம். நோயாளியின் குறை நீங்கிய அன்று நம் வேலை முடிந்துவிட்டதாக எண்ணி உடனே எழுந்துவிடாதீர்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பியது. நாம் ஒன்றைத் திரும்பக் கொடுக்கும்போது, அது இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்திருக்கக் கூடும்.

ஏழுமலையும் சரோஜாவும் இதை எழுத எனக்கு அனுமதி தந்தார்கள். இந்தத் தாள்களைத் துறையில் பாதுகாத்து வைத்திருக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.